இடது தோள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் நானே எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

அப்போது நான் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். படம் வரைகிறவன் இல்லை, படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் கையேட்டை எழுதுகிறவன். மேடு எங்கே, பள்ளம் எங்கே, மண் எப்படி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நடந்து பார்த்து, நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அந்த வேலையில் ஏழெட்டு முனைகளுக்குக் கையேடு எழுதியிருக்கிறேன். முனை என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். அதில் ஒரு முனையைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் இது:

“முனையின் இடது தோள், வலது தோளைப் போலவே, கடலை நோக்கி மெல்லச் சரிந்து இறங்குகிறது.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலதிகாரிகூட ‘நடை நல்லா இருக்குப்பா’ என்று முதுகில் தட்டினார். ஒரே ஒரு குறை, அது பொய். இடது தோளை நான் பார்க்கவே இல்லை.

அந்த வாக்கியத்தை நம்பி ஒரு குடும்பம் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறது. வீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய நிலம் இல்லை. அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இதைப் போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் அதைச் செய்யாமல், எண் போட்டுப் பகுதி பிரித்துக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எப்பேர்ப்பட்ட ஆள் என்று இதிலிருந்தே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்னொன்று. என் கதைகளை டைப் செய்வது என் தங்கை. மாணவர்களின் ஆய்வேடு, வக்கீல்களின் மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்கிறாள். என் கதையை அடிக்கும்போது மட்டும் நடுவில் சதுர அடைப்புக்குறி போட்டு ஏதாவது சொல்லுவாள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் நான் அவற்றை நீக்கிவிடுவது வழக்கம். இந்த முறை நீக்கப்போவதில்லை.

[பெரிய மனசுதான். ஆனா அண்ணா, பாவம் அந்தக் குடும்பம். கதைய அப்புறம் எழுதிக்கலாம், முதல்ல போய்ச் சொல்லச் சொல்லு உன் கதாநாயகன. – டைப்]

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘கடல் அன்று அமைதியாக’ – வேண்டாம். கடல் அன்று அமைதியாக இல்லை. நான் பொய் சொன்ன இடத்தில் பொய்யான கடலையும் வைக்க வேண்டாம்.

‘அவன் நல்லவன்தான், ஆனாலும்’ – யார் சொன்னது?

‘பூகோளம் என்பது மனிதனின்’ – இது எங்கே போய் முடியும் என்று எனக்கே பயமாக இருந்தது. நிறுத்திவிட்டேன்.

[மூணாவது ஒண்ணுதான் உன் ஸ்டைல். ஆளுக்கொரு கொட்டாவி நிச்சயம். – டைப்]

ஆகவே எனக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒரு முனையை எப்படிப் பார்ப்பது?

எங்கள் அலுவலகத்தில் முனையை ஓர் ஆள் மாதிரி வைத்துப் பேசுவோம். கரையோடு ஒட்டியிருக்கும் குறுகலான பகுதி கழுத்து. கழுத்தில் நின்று கடலைப் பார்த்தால் இரண்டு பக்கமும் அகலமாக விரிவது தோள்கள், இடது ஒன்று, வலது ஒன்று. கடைசியில் கூராக நீள்வது மூக்கு. கழுத்துக்குக் கீழே தோள் இருக்கலாம், தோளுக்கு அப்புறம் மூக்கு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். முதன்முதலில் பெயர் வைத்தவர் உடம்பைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அந்த அலுவலகத்தில் சரியாகப் பார்க்காத முதல் ஆள் நான் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நான் சொல்லும் முனை நீளவாக்கில் முக்கால் மைல். மேலே சிவப்பு மண், குட்டைப் புதர். அதற்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்குக் கெட்டியான கருப்புப் பாறை. அதற்கும் கீழே, விரலால் சுரண்டினால் உதிர்கிற மண்பாறை. வலப்பக்கம் ஒரு குடா இருக்கிறது. அலை அங்கே வருவதற்குள் சோர்ந்துபோய், கொண்டுவந்த மணலைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதனால் வலது தோள் கடல்வரை சாய்வாக இறங்குகிறது. செருப்போடு நடந்து போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம்.

இடப்பக்கம் குடா இல்லை, திறந்த கடல். நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைக் கண்டால் அலைகள் சும்மா போகாது. நேராக வருவதும் அங்கேதான் மோதும், பக்கத்தில் போவதும் வளைந்து வந்து அங்கேதான் மோதும். மேல்பாறை கெட்டி, அது தாங்கும். கீழ்ப்பாறை தாங்காது. அடியில் அரித்துக்கொண்டே போகும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. புல் முளைத்திருக்கும், காற்று நன்றாக வரும்.

(ஓரக்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் முதல் வருடப் பயிற்சியிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தது. தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.)

தெரிந்துகொள்ள ஒரு முறை உண்டு. விளிம்பில் குப்புறப் படுத்து, மார்புவரை வெளியே நீட்டி, தலையைத் தொங்கவிட்டு அடியைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொள்வார். பார்க்க முடியவில்லை என்றால் பாவமில்லை. களப்புத்தகத்தில் அந்த இடத்துக்குப் புள்ளிக்கோடு போட வேண்டும். புள்ளிக்கோடு என்றால், ‘இதை நான் பார்க்கவில்லை’ என்று பொருள். பார்த்தவன்தான் முழுக்கோடு போடலாம். இதைவிட நேர்மையான ஏற்பாட்டை எந்தத் தொழிலிலும் நான் கண்டதில்லை.

ஆனால் புள்ளிக்கோடு போட்டால் அலுவலகத்தில் மானம் போகும். ‘என்ன தம்பி, பேனாவுல மை தீந்து போச்சா?’ என்பார் மேலதிகாரி. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

[இது எந்த ஊர் முனை அண்ணா? – டைப்]

3

களத்துக்குப் போனது இரண்டு பேர். ஒருவன் குறிப்பெழுதுகிறவன். இன்னொருவர் சங்கிலிக்காரர். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியைச் சுமப்பவர், கணுக்கால் பிடிப்பவரும் அவர்தான்.

‘அன்று உச்சி வெயில். சங்கிலிக்காரருக்கு முந்தின நாள் போதை இன்னும் தெளியவில்லை. சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தார். குறிப்பெழுதுகிறவன் விளிம்பில் படுக்கத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கைகள் நடுங்கின. இந்தக் கைகளை நம்பி எப்படி’ –

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. குடிகாரர் என்றால் எழுதச் சுலபமாக இருக்கிறது. வாசகரும் சட்டென்று நம்பிவிடுவார். அதுதான் இடிக்கிறது.

[யாரு, உன்கூட வேலை செஞ்சாரே, மீசை பெருசா? அவர் என் கல்யாணத்துக்கு வந்தப்போ டீ கூட வேண்டாம்னுட்டார். அவரப் போய்க் குடிகாரர்ங்கிறே. வாய் கூசல? – டைப்]

4

மூன்றாம் பகுதியின் முடிவில் என் தங்கை ஏதாவது எழுதியிருப்பாள். என்ன எழுதியிருந்தாலும் அவள் சொல்வதுதான் சரி. அந்தப் பகுதியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். ஒரு நல்ல மனிதரைக் குடிகாரர் ஆக்கப் பார்த்தேன் என்பதும் தெரியட்டும்.

நடந்தது இது.

சங்கிலிக்காரருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கை இரும்பு மாதிரி. என்னைவிட நான்கு மடங்கு முனைகளைப் பார்த்தவர். இடது தோளின் விளிம்புக்கு வந்ததும் சங்கிலியை இறக்கிவைத்தார். வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“படுங்க சார். நான் பிடிச்சா யமனே வந்தாலும் விடமாட்டேன்.”

படுத்தேன். முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து முன்னால் போனேன். மார்பு பாறையில் அழுந்தியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டொம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், டொம். யாரோ அடியில் ஒரு பெரிய கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. சத்தம் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது.

விளிம்புக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாணை என்னால் தாண்ட முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாய்க்குள் மண். கால்கள் அவர் பிடிக்குள்ளேயே நடுங்கின, அவருக்கு அது தெரிந்திருக்கும். முப்பது எண்ணினேன். பிறகு பின்னால் ஊர்ந்து வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன்.

“என்ன சார் தெரிஞ்சுது?”

“சரிவுதான். அந்தப் பக்கம் மாதிரியே.”

அவர் என்னைப் பார்த்தார். “சார், தலை வெளியவே போகலியே.”

“நீங்க காலப் பிடிச்சீங்களா, தலையப் பாத்துட்டு இருந்தீங்களா?”

“தப்பில்ல சார். முதல் தடவ எல்லாருக்கும் வயித்தக் கலக்கும். புள்ளிக்கோடு போட்டுருங்க. நாளைக்கு வந்து பாப்போம். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

இந்த இடத்தில், வாசகரே, எனக்காக ஒரு மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். நுழைந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“உங்க வேலையப் பாருங்க.”

அவர் சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என்னோடு களத்துக்கு வரவே இல்லை. கேட்டால் முழங்கால் வலி என்பார். நான் அன்று சாயங்காலமே விடுதி அறையில் உட்கார்ந்து, முழுக்கோடு போட்டு, அந்த அழகான வாக்கியத்தை எழுதினேன். ‘மெல்ல’ என்ற சொல்லைப் பிறகு சேர்த்தேன். ஓசைக்காக.

[போன பகுதியில ‘குறிப்பெழுதுகிறவன்’னு யாரையோ எழுதினே, இப்ப ‘நான்’னு எழுதறே. அண்ணா? – டைப்]

5

‘இடது தோளின் மேல் தனியாக ஒரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே குடியிருந்தார்கள். ஆசிரியருக்குச் செடிகள் என்றால் உயிர்’ –

இந்த ஆசிரியரை நான் நான்கு நாட்கள் வளர்த்தேன். கண்ணாடி கொடுத்தேன், இருமல் கொடுத்தேன், ரோஜாச் செடிகூட வாங்கிக் கொடுத்தேன். மனிதர் அசையவில்லை, அட்டையில் வெட்டிய ஆள் மாதிரி நின்றார். வீடு இடிந்து விழுந்தாலும் எனக்கு இவருக்காக அழுகை வராது. இவர் எனக்கு யாருமில்லை, அதற்காகத்தான் இவரைக் கொண்டுவந்தேன்.

அந்த வீட்டில் இருப்பது என் தங்கை.

அடைப்புக்குறி போடுகிறாளே, அவள்தான். இந்த வரியை இப்போது அடித்துக்கொண்டிருப்பவள்.

அவள் கணவர் ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் ஃபிட்டர். பன்னிரண்டு வருடம் வாடகை வீட்டில், சமையலறையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டைப் அடித்தாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவள் வாய்ப்பாடு. ஆறு வருடங்களுக்கு முன்னால், முனையின் மேல் வீட்டுமனை பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் போன் செய்து வரச் சொன்னாள். என் கையேட்டைப் பார்த்துத்தான் மனை பிரிக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். மெல்லிய சரிவு, ஆபத்தில்லை.

நான் போனபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை நுரை.

“அண்ணா, அந்தக் கிழக்குப் பக்கம் எப்படி? நீ நடந்து பாத்த இடம்தானே?”

இடது தோள் என்று நாங்கள் சொல்வது ஊர்க்காரர்களுக்குக் கிழக்குப் பக்கம்.

“ஆமா.”

“அதான் வேணும் எனக்கு. யாராவது இன்ஜினியரக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்ங்கிறார் இவர். எங்க அண்ணன விடவா இன்ஜினியர்னு கேட்டுட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்கு உண்மை மறந்துபோயிருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அந்த டொம் சத்தம் அப்போதே விலாவுக்குள் கேட்டது. ஆனால் பதின்மூன்று வருடத்துப் பொய்யை ஒரு சமையலறையில் வைத்து எப்படி உடைப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, இனி சோற்றைக் கிளறினால் நான்தானே அசிங்கப்படுவேன். ‘எங்க அண்ணன்’ என்று அவள் சொன்ன தோரணை வேறு. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை, அதைவிடக் கேவலமான உண்மை என்னிடம் இல்லை.

“நல்ல இடம்மா. தைரியமா வாங்கு” என்றேன்.

(ஓரக்குறிப்பு: முதல் பொய் பயத்தில் சொன்னது. இது பயத்தில் சொன்னது அல்ல.)

6

பதினோரு நாட்களுக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடவில்லை. அந்த அறையில் என் மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், தூங்குகிறாள்.

“மரம் ஊதிப்போச்சு போல. ஆசாரியக் கூப்பிடணும்” என்றாள் தங்கை.

கதவு ஊதவில்லை. சுவர் இறங்கியிருந்தது. தரையில் மெல்லிய கோடு ஒன்று, கட்டிலுக்கு அடியில் போய் மறைந்தது. கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே குடாவுக்கு இறங்கினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு படகுக்காரரிடம், முனையைச் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

“வத்தத் தண்ணி, கடல் இறங்கிக் கெடக்கு. இப்பப் போனா உள்ளயே போலாம்.”

“உள்ளயா?”

“வாங்க, காட்டறேன்.”

மூக்கைச் சுற்றி இடப்பக்கம் வந்தோம். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் விட்டதை அப்போதுதான் பார்த்தேன். சரிவாவது மண்ணாவது. பாறைக்கு அடியில் பெரிய வாய் திறந்திருந்தது. நாலு பஸ்ஸைப் பக்கம் பக்கமாக நிறுத்தலாம். படகு தாராளமாக உள்ளே போனது. மேலே கருப்புக் கூரை, அதில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள். நீர்மட்டத்தில் உதிர்ந்த மண்பாறை, கலங்கல்.

கூரையின் ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக இருந்தது. கீழே கடலில் விழுந்த இடத்தில் நுரை மிதந்தது.

“மேல யாரோ துணி தொவைக்கிறாங்க” என்றார் படகுக்காரர்.

கையை நீட்டினேன். உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். அந்தச் சோப்பு வாசனை எனக்குத் தெரியும். அந்த வீட்டுத் துண்டில் எத்தனை தடவை முகம் துடைத்திருக்கிறேன்! என் தங்கை என் தலைக்கு மேலே நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் வெடித்துப்போன இரண்டு ஆள் உயரப் பாறை.

“போன மழைக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு விழுந்துச்சு. இந்த மழைக்கு எதுவோ” என்றார். “மேல இருக்கிறவங்களுக்குத் தெரியுமோ என்னமோ. எங்கள யாரு கேட்டா? பெரிய மேப்பு, புஸ்தகம் எல்லாம் வெச்சுல்ல பிரிச்சுக் குடுத்தாங்க.”

“தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அங்கேயும்.

மேலே ஏறி வீட்டுக்குப் போனேன். கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

“என்ன அண்ணா, சட்டையெல்லாம் ஈரம்? கடைக்குப் போறேன்னு கடலுக்குப் போனியா?”

“சும்மா, காலாற.”

“இந்த வயசுல அலையோட விளையாட்டு. தலையத் துவட்டு, சாப்பிட வா.”

சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்ட வயிறு. வாயைத் திறந்தபோதெல்லாம் ஒரு கவளம் உள்ளே போனது, ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

7

முடிவுகள்.

முதல் முடிவு. வீடு விழுகிறது, யாரும் வீட்டில் இல்லை. அண்ணன் ஓடிவந்து கதறுகிறான். இது வேண்டாம். இதில் அண்ணனுக்குக் கதற வாய்ப்புக் கிடைக்கிறது. கதறினால் ஊர் அவனைத் தேற்றும்.

இரண்டாவது முடிவு. அண்ணன் பெரிய அதிகாரிகளுக்குப் பெயர் போடாத கடிதம் எழுதுகிறான். அவர்கள் வந்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தங்கை பிழைக்கிறாள், அண்ணனின் மானமும் பிழைக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதைக் கதையில் எழுதுவதற்கு முன்னால் நிஜமாகவே எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தபால்பெட்டி வரை போனேன். கடிதத்திலும் ‘முந்தைய குறிப்பு எழுதியவரின் கவனக்குறைவால்’ என்று யாரோ மூன்றாம் மனிதனைப் போல என்னைப் பற்றி எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது முடிவு. அண்ணன் கதை எழுதித் தங்கையிடமே டைப் அடிக்கக் கொடுக்கிறான். வாயால் சொல்லத் துணிவில்லாதவன் செய்கிற காரியம். அதைத்தான் இன்று செய்திருக்கிறேன்.

தங்கச்சி, இதுவரை அடித்துவிட்டாய் என்றால், இனி கதை இல்லை. இன்றே பிள்ளையை அந்த அறையிலிருந்து மாற்று. மழைக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். என் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. நான் உன்னிடம் பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வெளியே வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிடும்வரை உள்ளே வரமாட்டேன்.

8

இந்தப் பகுதியை அவள் அடிக்கவில்லை. நானே ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தேன், எழுத்துப்பிழை இருந்தால் அதற்கும் நான்தான் காரணம்.

காலை பத்தரை மணிக்குக் காகிதங்களைக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி கேட்டது. நடுவில் இரண்டு முறை சிரித்தாள். பிறகு சத்தம் மெதுவானது. பிறகு விட்டு விட்டு வந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. நீண்ட நேரம் கழித்து மறுபடியும் தொடங்கியது, நிதானமாக, ஒரு தவறும் விடாமல். ஏழாம் பகுதியின் கடைசி வரியில் ‘வரமாட்டேன்’ வரைக்கும் அடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள். எடுத்த வேலையை அவள் பாதியில் விடமாட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் முகத்தைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

“உனக்கு இது எத்தன நாளாத் தெரியும்?” என்றாள்.

“எழுதியிருக்கேனே. பதினோரு நாள்.”

“பதினோரு நாளா கதை எழுதிட்டு இருந்தியா?”

தலையாட்டினேன்.

“பதினோரு நாளும் என் பொண்ணு அந்த ரூம்லதான் தூங்கினா.” கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள்.

“மூணு தொடக்கம் எழுதியிருக்கே. நாலு நாள் யாரோ வாத்தியாருக்குச் செடி வாங்கிக் குடுத்திருக்கே. இருமல் குடுத்திருக்கே.” அவள் குரல் உயரவே இல்லை. “ஒரு போன் பண்ண முடியல உனக்கு.”

“வாய் வரலம்மா.”

“வாய் வராது. பேனா வருது.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து நின்றேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்தேன். அவள் கையில் ஐந்தாம் பகுதியின் தாள் இருந்தது.

“இதுல ஒண்ணு கேக்கணும். ‘இடது தோளின் மேல் தனியாக ஒரு வீடு’ன்னு எழுதியிருக்கே. தனியாவா இருக்கோம் நாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வரிசையில் நான்கு வீடுகள் இருக்கின்றன. ஒரே அகலம், ஒரே விளிம்பு. ஆசிரியரை எடுத்துவிட்டு என் தங்கையை உள்ளே வைத்தபோதுகூட அந்த ஒற்றை வீட்டை நான் மாற்றவில்லை. படகில் இருந்து நிமிர்ந்து பார்த்தபோது கூரை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் எழுத உட்கார்ந்தபோது மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன்.

“கதைக்கு ஒரு வீடு போதும்னு…” என்று தொடங்கினேன்.

“கதைக்குப் போதும்.”

தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

“பக்கத்துல தையல்காரங்க வீடு. மாமியாருக்கு எழுந்து நடக்க முடியாது. அதுக்கு அடுத்தது ரெண்டு கைக்குழந்தை. கடைசி வீட்டுல போன மாசம்தான் மேல மாடி கட்டியிருக்காங்க. அந்த மூணு வீட்லயும் டைப் அடிக்கிறவங்க யாரும் இல்ல அண்ணா. உன் கதைய யாரும் படிக்கமாட்டாங்க. போய் வாயாலதான் சொல்லணும்.”

“நீயும் கூட வாயேன்மா.”

கேட்டுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் கேட்டுவிட்டேன்.

“நான் எதுக்கு? நான் எழுதலையே” என்றாள். “நான் பொண்ணோட துணியெல்லாம் எடுத்து வைக்கணும். அவருக்குப் போன் பண்ணணும். நீ போ.”

கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. சாதாரணமாகத்தான் சாத்தினாள்.

பக்கத்து வீட்டுக்கு இருபது அடி இருக்கும். நடந்தேன். வழியில் மூன்று வாக்கியம் தயார் செய்தேன், மூன்றும் நன்றாக இருந்தன, மூன்றையும் விட்டேன். கதவைத் தட்டினேன். கழுத்தில் அளவு நாடாவோடு ஓர் அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, வாங்க சார்! இந்த இடத்தப் பத்திப் புஸ்தகம் எழுதினவர் நீங்கதானே? உங்க தங்கச்சி சொல்லிட்டே இருப்பாங்க. உங்க பேர நம்பித்தான் நாங்களும் வாங்கினோம். ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க.”

உள்ளே கட்டிலில் ஒரு வயதான அம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

இதற்கு மேல் நடந்ததை எழுத மாட்டேன். அது என் கதை இல்லை, அவர்களுடையது. நான் எழுதினால் எங்காவது ஓரிடத்தில் ஓசைக்காக ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன்.

வாசகரே, முடிவு உங்களுடையது. இப்போது அந்த வாசலில் என் இடத்தில் நிற்பது நீங்கள். அந்த அம்மா உங்களுக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய் திறந்து, சத்தமாக.